அச்சிட்ட இரும்பு நிமிர்ந்த நாள்

ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் கரட், லீக்ஸ் போடுகிறார்கள். நானும் போட்டேன். விதை போட்ட மறுநாளே போய்க் கிளறிப் பார்த்தால் எது முளைக்கும்? பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டி, "டீச்சர், அத சும்மா விடுங்களேன், அது பாட்டுக்கு வரும்" என்கிறார். நான் டீச்சரே இல்லை. ஹட்டனில் ஒரு பெண் சேலை கட்டி, கண்ணாடி போட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறினால் அவள் டீச்சர்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

நான் செய்தது இரும்பு வெட்டும் வேலை. சரியாகச் சொன்னால், இரும்பை வெட்டுவதற்கு முன்னால் அதைக் கணினியில் வெட்டிப் பார்க்கும் வேலை. டிக்கோயாவுக்குப் போகும் வழியில், தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறை அது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை போன மாதம் தொலைபேசியில் பிடித்தாள்.

"மிஸ், புது சொஃப்ட்வெயார் போட்டிருக்காங்க. கிளாம்ப் எவ்வளவு இறுக்குதுன்னு குடுத்தா, கழட்டுனதும் சாமான் எப்படி வளையும்னு அதுவே காட்டுது. ஒங்க காலத்துல கிளாம்ப் சும்மா கலர்ப் பெட்டிதானாமே, உண்மையா?"

"ஒங்க காலமா? அடியேய், நான் வீட்டுக்கு வந்து ஒரு நத்தார்ப் பண்டிகதான் போயிருக்கு! வெள்ளக்காரன் காலத்து ஆள் மாதிரி பேசுற."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலர்ப் பெட்டி என்ற அந்தச் சொல் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். எழுதித் தொலைத்தால்தான் அடங்கும் போலிருக்கிறது.

பிறந்தது மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தேன். பிறகு வரைபடப் பயிற்சி, பிறகு பட்டறையில் படம் வரைகிற வேலை. கணினி வந்தது, கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம் வந்தது, "ஸ்டெல்லாவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்" என்று என்னை அதற்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். இதற்கு மேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

அந்த வேலையை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. இயந்திரத்துக்குள் சுழலும் கத்தி எந்த வழியால் போக வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதில் பிசகு இருந்தால் கத்தி பாகத்தில் மோதும், இல்லாவிட்டால் பாகத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மோதும். அதனால் முதலில் திரையில் வெட்டிப் பார்ப்போம். திரையில் மோதினால் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான். ஒருவருக்கும் காயமில்லை. திருத்தி எழுதலாம்.

பட்டறைப் பொறுப்பாளர் மாரிமுத்து ஐயா. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதைக்குள் போக முடியாது. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தமாட்டார். ஒரு பிளாஸ்டிக் கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவார். பிளாஸ்கிலிருந்து வெறுந்தேநீர் ஊற்றிக்கொள்வார். "ஓட்டுங்க" என்பார். ஓட்டுவேன். முதல் முறை கத்தியை மட்டும் பார்ப்பார். "இன்னொருக்கா." இரண்டாம் முறை பாகத்தை மட்டும் பார்ப்பார். "இன்னொருக்கா." மூன்றாம் முறை கிளாம்புகளை மட்டும் பார்ப்பார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வேற?" என்று கேட்பார்.

அந்த "வேற?" இருக்கிறதே, அதில்தான் உயிர் போகும். "வேற ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றால், "அப்படியா" என்பார். கேள்வியாகச் சொல்லமாட்டார். கதிரையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். பாதித் தடவை ஏதாவது அகப்படும், மீதித் தடவை ஒன்றும் அகப்படாது, நெஞ்செரிச்சல்தான் மிச்சம். நான் உட்கார்ந்தால் கால் ஆட்டுகிறவள். அதையும் விடமாட்டார். "ஸ்டெல்லா, தரை ஆடுது" என்பார். கோபம் வந்தால் "வாங்க, போங்க" இன்னும் கூடும். அவர் "தயவுசெஞ்சு" என்று ஆரம்பித்தால் பட்டறையில் பாதிப் பேர் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள்.

அச்சிட்ட இரும்பு எங்களிடம் வந்தது என் கடைசி வருடங்களில்தான். பழைய இயந்திரங்களுக்குப் பாகம் கிடைப்பதில்லை. வார்ப்பு எடுக்கலாமென்றால் அதற்கான மர அச்சுகள் எப்போதோ விறகாகப் போய்விட்டன. அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு நிறுவனம் இரும்புப் பாகத்தை அடுக்கடுக்காக அச்சிட்டுத் தர ஆரம்பித்தது. அச்சிட்டு வருவது அப்படியே பொருத்துகிற பாகம் அல்ல. ஏறக்குறைய அந்த வடிவம், அவ்வளவே. துளையும் முகமும் நாங்கள்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

முதலில் வந்தது ஒரு தண்ணீர்ப் பம்பின் சுழலி. வரைபடத்தை எடுத்து, சுற்றிவர வெட்டிக் கழிப்பதற்கு ஒரே அளவு சதை கூட்டி, அதுதான் வந்திருக்கும் பாகம் என்று கணினிக்குச் சொன்னோம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். திரையில் ஒரு சிவப்பும் இல்லை. இயந்திரம் ஓட்டுகிற நிமல் அதைப் போட்டு ஓட்டினால் படாரென்று ஒரு சத்தம்! கத்தி முறிந்து கண்ணாடிக் கதவில் அடித்தது. அச்சிடும்போது தாங்குவதற்கு வைத்திருந்த முட்டு ஒன்றை ஒழுங்காக வெட்டாமல் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இல்லாத ஒரு கட்டி, பாகத்தில் இருந்தது.

மாரி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வெட்டுனது படத்த. நிமல் வெட்டுனது சாமான. ரெண்டும் ஒண்ணுதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு அச்சுப் பாகத்தையும் ஸ்கேன் பண்ணி, அதன் மேடு பள்ளம் எல்லாவற்றோடும் கணினிக்குள் ஏற்றி, பிறகுதான் வெட்டிப் பார்த்தேன். பாகம் இரும்பு என்பதாலேயே அது நேர்மையானது என்று நம்பக்கூடாது. இவ்வளவு கவனமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு மேலே, நல்லதண்ணி போகும் பக்கம் ஒரு தொழிற்சாலை. என் தங்கச்சி பிலோமினா அங்கே தூள் சலிக்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் கணவர் சவரிமுத்து ரோலரில் நிற்கிறவர். ரோலர் என்றால் வாடிய கொழுந்தைப் போட்டு உருட்டி முறுக்குகிற பெரிய இயந்திரம். அதைச் சுற்றவைப்பது மூன்று கிராங்குகள். ஒவ்வொரு கிராங்கும் ஒரு தடித்த இரும்புக் கை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை. அந்த இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் துளைக்குள் இருக்கும் பேரிங் சூடாகும், கிராங் தட்டும், ஒருநாள் முறியும்.

முறிந்தது. வார்த்துப் போட்டிருந்த பழைய கிராங் உடைந்து, பக்கத்தில் நின்ற மனிதரின் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. அந்த இடத்தில் மாறி மாறி நிற்கிற இரண்டு பேரில் மற்றவர் சவரிமுத்து. அன்றைக்கு அவருடைய முறை இல்லை, அவ்வளவுதான்.

ரோலர் நின்றது. ஐப்பசி மழைக்குப் பிறகு கொழுந்து அள்ளிக்கொண்டு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் ரோலர் ஓடாவிட்டால் கொழுந்தை வேறு தோட்டத்துத் தொழிற்சாலைக்கு ஏற்றப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அப்படி ஏற்ற ஆரம்பித்த கொழுந்து திரும்பி வந்த சரித்திரம் எங்கள் பக்கம் கிடையாது. பிலோ தினமும் அழைத்தாள்.

"அக்கா, சாமான் எப்ப வரும்? இங்க எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க. ஒங்க அக்காதானே செய்யிறாங்கன்னு."

"செய்யிறது நான் இல்லடி, மெஷினு."

"அப்ப மெஷினுகிட்ட குடு, நான் பேசுறேன்."

கொழும்பிலிருந்து கிராங் வந்தது. கம்பியை உருக்கி வரி வரியாக அடுக்கிச் செய்தது. பார்த்தால் இடியாப்பத்தை அமுக்கி அடுக்கினது போல இருக்கும். ஒரேயொரு பாகம்தான், இன்னொன்று வேண்டுமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுக்கும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கத்தைச் சூடு காட்டி எடுத்துத்தான் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நம்பினோம். ஸ்கேன் பண்ணினேன். திரையில் வெட்டினேன். மாரி ஐயா மூன்று முறை பார்த்தார். கத்தி, பாகம், கிளாம்ப். "வேற?" என்றார். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. என் வேலையில் அவ்வளவு சுத்தமான ஓட்டம் முன்னால் வந்ததில்லை.

இயந்திரத்தில் நிமல் ஏற்றினார். நிமல் சிங்களவர், பக்கத்துக் கிராமம், எங்கள் தமிழ் எல்லாம் அத்துப்படி. கிராங்கின் கை லேசாக வளைந்திருந்ததால், அது இயந்திரத் தட்டோடு படுக்கும்வரை கிளாம்புகளை நன்றாக இறுக்கினார். இரண்டு துளைகளும் ஏறக்குறைய முடிந்தன. கடைசி மெல்லிய வெட்டு ஒன்றுதான் பாக்கி. இயந்திரத்துக்குள்ளேயே அளந்து பார்த்தோம். அளவு என்றால் அப்படி ஓர் அளவு. எனக்கு ஒரு பாட்டுப் பாடலாம் போல இருந்தது.

மறுநாள் ஆயுத பூசை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். பூசைக்கு முதல்நாள் பின்னேரம் எல்லா இயந்திரமும் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, வாய் வெறுமையாக நிற்க வேண்டும். வைஸ் திறந்திருக்க வேண்டும். எந்தக் கிளாம்பும் எதையும் கடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வருடம் முழுக்கக் கடித்த இரும்புக்கு ஒருநாள் ஓய்வு. அரை வேலையில் நிற்கிற பாகத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். முடியாத வேலைக்குப் பொட்டும் கிடையாது. பூசையன்று கணினியைக்கூடத் தொடக்கூடாது, அதற்கும் சந்தனம் வைத்திருப்பார்கள்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எனக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். கழற்றினால், மறுபடி ஏற்றி நேர் பார்க்கப் பாதிநாள் போகும். மாரி ஐயா திருநீற்றோடு வந்து, "கழட்டிருங்க" என்றார்.

"ஐயா, ஒரே ஒரு வெட்டுதான். அப்படியே துணி போட்டு மூடிருவோம். நாளன்னைக்குக் காலையில முடிச்சிரலாம்."

"கழட்டிருங்க ஸ்டெல்லா."

"அங்க பெக்டரி மூடப்போகுது ஐயா! சரஸ்வதியம்மா வந்து கிளாம்ப எண்ணிப் பார்க்கப்போறாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க எண்ண மாட்டாங்க. நான் எண்ணுவேன். தயவுசெஞ்சு கழட்டுங்க."

நிமல் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஸ்பேனரை எடுத்தார். ஒரு கிளாம்ப் கழன்றது. அடுத்தது. கடைசிக் கிளாம்பைத் தளர்த்தியபோது 'ணங்' என்றொரு சத்தம். இரும்பு மூச்சு விட்டது போலிருந்தது. கிராங்கின் ஒரு முனை தட்டிலிருந்து எழும்பி நின்றது. நம்ப மாட்டீர்கள், கண்ணால் பார்க்கக்கூடியதாகவே எழும்பியது.

"அம்மோ! மிஸ், இங்க பாருங்க!" என்றார் நிமல். இடைவெளிக்குள் அவர் தகடு ஒன்றை விட்டார். தடையில்லாமல் போனது.

அதற்குள் இறுக்கம் அப்படியே இருந்திருக்கிறது. நாங்கள் அதை அமுக்கிப் பிடித்து, அமுங்கிய நிலையில் நேரான துளை போட்டிருக்கிறோம். பிடியை விட்டதும் அது தன் பாட்டுக்கு நிமிர்ந்துவிட்டது. துளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கணினிக்கு இது எப்படித் தெரியும்? திரையில் கிளாம்ப் என்பது கத்தி மோதக்கூடாத ஒரு கலர்ப் பெட்டி. அது எதையும் அமுக்காது. அதை எடுத்தால் ஒன்றும் நடக்காது. மூன்றாம் முறை கிளாம்பை மட்டும் பார்த்த மாரி ஐயாவும் கலர்ப் பெட்டியைத்தான் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்தேன்.

அவரும் ஆடிப்போய்விட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கதிரையில் உட்கார்ந்து, "கழட்டாம அந்தக் கடைசி வெட்டையும் போட்டிருந்தா, மெஷினுக்குள்ள அளந்து, சரின்னு அனுப்பியிருப்போம்ல" என்றார். பேரிங்கைத் தட்டி ஏற்றினால் ஏறும். முதலில் ஓடவும் ஓடும். முறிகிற அன்றைக்கு யார் நிற்பார் என்பதை மட்டும் நினைத்தேன்.

அடுத்த நாள் பூசை. ஒருவரும் எதையும் தொடக்கூடாது. நரகம் என்றால் அதுதான். போய் அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பிராணிப் புகைக்குள் கிராங் ஓரமாக ஒரு சாக்கின்மேல் கிடந்தது. கணினித் திரையில் சந்தனப் பொட்டு. எனக்குக் கை துருதுருவென்றது. வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். "இந்தம்மாவுக்கு என்ன, எறும்பு கடிக்குதா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. பிலோவின் அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? சாமான் நிமிர்ந்துவிட்டது என்றா?

பூசை முடிந்த மறுநாள் காலையிலேயே கிராங்கை எங்கள் உலையில் போட்டுச் சூடேற்றி, அவசரப்படாமல் ஆறவிட்டோம். அவசரப்படாமல் என்று எழுதுகிறேன். நான் உலையைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் நிமலுக்குத் தலை சுற்றியது. பிறகு அதை நிமிர்ந்த நிலையிலேயே மறுபடி ஸ்கேன் பண்ணி, திரையில் வெட்டினேன். ஒரு முனையில் கத்தி வெறுங்காற்றை வெட்டியது. அந்தப் பக்கம் சதை இல்லை. சட்டைக்குத் துணி போதாதபோது தையல்காரர் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாரே, அப்படி அந்த இரும்புக்குள் கிராங்கைச் சரித்தும் நகர்த்தியும் பார்த்தேன். ஒரே ஒரு நிலையில் எல்லாம் அடங்கியது. ஆனால் ஒரு துளையைச் சுற்றியிருக்கும் சுவர், வரைபடம் கேட்டதைவிட மெல்லிசு.

மாரி ஐயா பார்த்தார். "வேற?"

"வேற என்ன ஐயா வேணும்? இது போதாதா? சுவர் மெல்லிசு. அனுப்ப மாட்டேன்."

"அனுப்பலன்னா?"

"புதுசு எடுப்போம்."

"அது வர்றதுக்குள்ள கொழுந்து வேற பெக்டரிக்குப் போயிரும். ஒங்க தங்கச்சிக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க."

"அனுப்புனா அவ புருஷன் கால் போகும். அதையும் நானே போன் பண்ணிச் சொல்லவா?"

முதன்முறையாக இரண்டு பேரும் குரல் உயர்த்தினோம். நிமல் தேநீர் போடுகிற சாக்கில் நழுவிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஐயா எழும்பி, ஒரு துண்டுக் குழாயை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். "அந்த முனைக்கு வெளியில ஒரு வளையம் காய்ச்சி இறக்குனா? ஆறுறப்ப இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"வளையம் போட்டா முனை பெருத்துரும். சுத்தும்போது ரோலர்ல எங்கயாவது இடிக்கும்."

"இடிக்குமா, இடிக்காதா? அதப் பார்க்கத்தானே நீங்க இருக்கீங்க."

எரிச்சலாக இருந்தது, ஆனால் நியாயம். ரோலரின் அளவுகளைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, கிராங் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதைத் திரையில் ஓட்டினேன். ஓரிடத்தில் தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி. இடிக்கவில்லை. வளையத்தை இறக்கினோம். அது முனையை நெருக்கும் என்பதால் துளைகளைக் கடைசியில்தான் முடித்தோம். இந்தமுறை கையைத் தட்டோடு அமுக்கவில்லை. அது எப்படி நிற்க விரும்பியதோ அப்படியே விட்டு, அடியில் இடைவெளி இருந்த இடத்தில் தகடு வைத்துத் தாங்கி, பிடித்தும் பிடிக்காமலும் பிடித்தோம். கொஞ்சம் வெட்டுவது, கழற்றுவது, அளப்பது, மறுபடி ஏற்றுவது. கழற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். சத்தம் வரவில்லை.

பொருத்துகிற அன்று நானும் மாரி ஐயாவும் போனோம். மழை பிடித்துக்கொண்டது, மஸ்கெலியா பாதையில் பனிமூட்டம் வேறு. ரோலருக்குப் பக்கத்தில் சவரிமுத்து குளித்துத் தலை வாரி, கலியாண வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். சலிக்கும் பிரிவின் வாசலில் பிலோ, அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். டீமேக்கர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சவரிமுத்து என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "மதினி, நான் என் எடத்துல நிக்கலாமா?"

அவ்வளவுதான் கேட்டார். எத்தனையோ முறை "வேற?" என்று கேட்கப்பட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முன்னால் அதெல்லாம் விளையாட்டு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்திருந்தேன். தெரியாதது எவ்வளவு என்பதையும் அந்த வாரத்தில் கண்டிருந்தேன். பயமாக இருந்தது.

"கொழுந்து போட வேணாம். மொதல்ல வெறுமனே ஓடட்டும். நீங்க தள்ளி நில்லுங்க தம்பி, நான் நிக்கிறேன்" என்றேன்.

"ஐயையோ, நீங்களா? சேலையோடயா?" என்று டீமேக்கர் பதறினார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், சவரிமுத்து நிற்கிற இடத்தில் நின்றேன். மாரி ஐயாவும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். "போடுங்க" என்றார்.

ரோலர் சுற்ற ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. கிராங் வந்து போனது, வந்து போனது. தட்டவில்லை. வெகுநேரம் ஓடவிட்டோம். சவரிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொண்டார். பிறகு நிறுத்தி, கொழுந்து போட்டு, அவரே ஓட்டினார். கடைசியில் பேரிங் மூடியில் கையை வைத்தார். எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "சூடு இல்ல மதினி" என்றார். வாசலில் பிலோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மாரி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தக் கிராங் இன்றும் ஓடுகிறது. தொழிற்சாலையும் இருக்கிறது. நான்தான் நிம்மதியாக இல்லை. மெல்லிசான அந்தச் சுவர் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மழைக் காலம் வந்து கொழுந்து கூடினால் எனக்கு இங்கே ஹட்டனில் படபடக்கும். தொலைபேசி அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பிலோ என்று பெயர் தெரிந்தால் எடுத்ததும் கேட்பேன், "பேரிங்ல சூடு இருக்கா?" இல்லை என்பாள். வைத்துவிடுவேன். ஓய்வு பெற்றும் இதே பேச்சுத்தான்.

போன வாரம் அழைத்தாள். நானும் வழக்கம்போலக் கேட்டேன்.

"சூடு இல்லக்கா. அவரு தெனமும் ஒனக்காகவே தொட்டுப் பார்த்துட்டு வர்றாரு" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "நான் நாலு நாளா காய்ச்சல்ல கெடக்குறேன். ஒரு தடவையாவது நீ எப்படிடி இருக்கன்னு கேட்டியா?"

தொலைபேசியை வைத்துவிட்டு, கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். இறங்கும் இடத்தில் வலப்பக்கம் தொழிற்சாலை, இடப்பக்கம் லயம். ரோலரின் சத்தம் பாதைவரை கேட்டது. நான் இடப்பக்கம் திரும்பினேன். பிலோ கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. கைக்குட்டையை நனைத்துப் போட்டுவிட்டு, கொத்தமல்லி கொதிக்கவைக்க அடுப்பை மூட்டினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். "பெக்டரிக்குப் போயி அதப் பார்க்கலயா?"

"அது ஓடும்" என்றேன்.